ஒரு காரணத்திற்காக, இரண்டு முட்டை

காரணம் சொல்லாமல் ஒருவர் சந்தோஷமாக இருந்தால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். என் வயசுக்காரர்களே, மூக்குமேல் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற பருவத்துக்கு நாம் வந்துவிட்டோம். உங்களிடம் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? எதிரே ஒரு ஆள் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தால், முதலில் மடியைத் தடவிப் பார்ப்பேன், பணம் இருக்கிறதா என்று. பிறகு வேட்டியைப் பார்ப்பேன், அது இருக்கிறதா என்று. இரண்டும் இருந்துவிட்டால் அப்போதுதான் நிஜமாகவே பயப்படுவேன்.

இந்த வியாதி எனக்குப் பிறவியில் வந்தது இல்லை. ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷம் முந்தி, ஒரு பதநீர்ப் பருவத்தில் பிடித்தது.

எங்கள் ஊர், தாமிரபரணிக் கால்வாய் கடைசியாக வந்து மூச்சு வாங்குகிற இடம். வடக்கே கொஞ்சம் வயல், தெற்கே செம்மண். செம்மண்ணில் பனை, பனைக்கு நடுவே முள்வேலி, வேலிக்கு நடுவே எங்கள் வேதக்கோயில். கோயில் என்றால் ஓட்டுக் கூரையும் உள்ளே பாயும்தான். மணிக்குப் பதில் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை அடிப்பதற்கென்று ஒருவர் இருந்தார். ஊரே அவரை மணியடிக்கிறவர் என்றுதான் சொல்லும்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை எடுப்பார்கள். காசு வைக்கிறவர்கள் குறைவு. பயறு வரும், முருங்கைக்காய் வரும், கருப்பட்டி வரும், முட்டை வரும். கொண்டுவருகிறவர், ஆராதனை நடத்துகிற உபதேசியார் காதில் காரணத்தை முணுமுணுக்க வேண்டும். உபதேசியார் அதை வேதாகமத் தமிழுக்கு மாற்றி, ஓடு அதிரச் சொல்லுவார்: "காணாமற்போன ஆடு கண்டெடுக்கப்பட்டதற்காக, ஒரு படி பயறு!" "மருமகளுக்குச் சுகப்பிரசவம் அருளப்பட்டதற்காக, ஒரு சிப்பம் கருப்பட்டி!" ஒரு தடவை ஒருவர், மாமியார் ஊருக்குப் போய்விட்டதற்காக என்று காதில் சொல்லிவிட்டார். உபதேசியார் கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்து, "பிரயாணிகளுக்கு வழி வாய்க்கப்பட்டதற்காக, ஒரு பூசணிக்காய்!" என்றார். அவ்வளவு கெட்டிக்காரர்.

ஆராதனை முடிந்ததும் பூவரச மரத்தடியில் அதெல்லாம் ஏலம் போகும். ஏலம் கூவுவதும் மணியடிக்கிறவர்தான்.

எங்கள் ஊருக்குப் பத்திரிகை வராது. இதுதான் பத்திரிகை. யார் வீட்டில் மாடு ஈன்றது, யார் வழக்கு ஜெயித்தது, யாருக்கு வரன் அமைந்தது, எல்லாம் ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வாயிலிருந்து வரும். ஆகவே எங்கள் ஜனங்களுக்கு ஸ்தோத்திரம் என்றால் ஒரு ரசீது. சரக்கு வீடு வந்து சேர்ந்த பிறகு எழுதிக் கொடுப்பது. சரக்கு என்னவென்று சொல்லாமல் ரசீது கொடுக்கிறவன் எதையோ ஒளிக்கிறான் என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அம்மா என்னைப் பெற்ற சூட்டோடு போய்விட்டாள். அப்பாவுக்குக் கொழும்பில் கடை. என்னை வளர்த்தது அத்தை, அப்பாவின் தங்கை. புருஷன் விஷக்காய்ச்சலில் போன பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். கருப்பட்டி வியாபாரிகளுக்கு ஓலைப்பெட்டி முடைந்து கொடுப்பாள். வீட்டில் அவளும் நானும். அப்புறம் ஒரு கிராப்புக்கோழி. கழுத்தில் ஒரு இறகுகூடக் கிடையாது, யாரோ பாதி உரித்துவிட்டு மனசு மாறி விட்டுவிட்ட மாதிரி இருக்கும். முட்டை மட்டும் தவறாமல் வைக்கும்.

அத்தை நல்லவள். ஆனால் சிரித்தால் பல் தேய்ந்துபோகும் என்று நினைக்கிற ஜாதி. பச்சை ஓலையின் வாசம் எப்போதும் அவள் கையில் இருக்கும்; அந்தக் கையால் குட்டு வாங்கினால் தலையிலும் கொஞ்ச நேரம் இருக்கும்.

ஒரு காலையில் பனையடியில் உட்கார்ந்து, ஓலைப் பட்டையில் பதநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மணியடிக்கிறவர் மகன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஏலே, உன்னையக் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போகப் போறாவளாம்லா."

"யாருலே சொன்னா?"

"கருப்பட்டி அண்ணாச்சி எங்கய்யாட்ட சொல்லிட்டிருந்தாவ. சரக்கு கொண்டுட்டுப் போனாவல்லா, அங்கன உங்கப்பாவப் பாத்தாவளாம். 'இந்தப் பருவத்துக்குள்ள வந்து பயலக் கூட்டிட்டுப் போயிருவேன், தங்கச்சிகிட்ட சொல்லிருங்க'ன்னாவளாம்."

"அத்தைட்ட சொல்லியாச்சா?"

"எப்பவோ சொல்லியாச்சு." அவன் என் பட்டையை வாங்கி மிச்சத்தைக் குடித்தான். "அங்கன கடையில நின்னுக்கிட்டே இருக்கணுமாம்லே. காலு யானைக்கால் மாதிரி வீங்கிரும். படுக்கது மொளகா மூட்டை மேல."

கால் வீங்குவதைப்பற்றி நான் கவலைப்படவில்லை. மிளகாய் மூட்டை கொஞ்சம் உறுத்தியது. ஆனால் என்னைக் குத்தியது வேறு: அத்தைக்குத் தெரியும், என்னிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது ஆரம்பித்தது. காணிக்கை நேரத்தில் அத்தை எழுந்து போனாள். கையில் சின்ன ஓலைக் கொட்டான், அதற்குள் உமி, உமிக்குள் இரண்டு முட்டை. உபதேசியார் காதைக் கொடுத்தார். அத்தை என்னவோ சொன்னாள். உபதேசியார் மறுபடியும் காதைக் கொடுத்தார். அத்தை மறுபடியும் அதையே சொன்னாள். அவர் நிமிர்ந்தார், சபையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"ஒரு காரணத்திற்காக, இரண்டு முட்டை!"

பாய்களில் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அத்தை திரும்பி நடந்து வந்தாள். அவள் முகத்தில், என் வயசுக்காரர்களே, சிரிப்பு.

ஏலத்தில் அந்த முட்டைகளைக் கருப்பட்டி அண்ணாச்சி எடுத்தார். அவர் சபை மூப்பர். ஊரிலேயே பெரிய வியாபாரி. முட்டையை ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்து உற்றுப் பார்த்தார். கெட்டுப்போனதா என்று பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், காரணம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்திருப்பார்.

அடுத்த ஞாயிறும் அத்தை போனாள். அதற்கடுத்த ஞாயிறும். ஒரு வாரம் முட்டை, ஒரு வாரம் நுங்கு, ஒரு வாரம் அவளே முடைந்த பெட்டி. உபதேசியார் பாவம், ஒவ்வொரு வாரமும் எச்சிலை விழுங்கிக்கொண்டு "ஒரு காரணத்திற்காக" என்பார். பின்வரிசையிலிருந்து இருமல் கிளம்பும்.

ஊருக்குள் பேச்சு முளைத்தது. வீட்டுக்குப் பின்னால் தோண்டும்போது பழைய செப்புப்பானை அகப்பட்டிருக்கிறது என்றார்கள். அடுத்த நாளே எங்கள் வேலியோரமாக ஆட்களுக்குத் திடீரென்று அதிக வேலை வந்துவிட்டது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் தரையைப் பார்த்தே நடந்தார்கள். திசையன்விளைச் சந்தையில் அத்தையிடம் பெட்டி வாங்குகிற ஒருவர் சம்பந்தம் பேசியிருக்கிறார் என்றார்கள். இந்தப் பேச்சு வந்ததும், பெட்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் எங்கள் வாசலில் நிற்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

எனக்குத் தெரியும் காரணம். ஊர் முழுக்கத் தெரியாமல் தவிக்கிற காரணம் எனக்கு மட்டும் வெட்டவெளிச்சம். நான் ஒழியப் போகிறேன். அதற்குத்தான் முட்டை.

ஒரு தடவை சந்தேகம் கண்ணுக்குள் விழுந்துவிட்டால், பிறகு எல்லாமே சாட்சிதான். அத்தை பெட்டி முடையும்போது கீர்த்தனை பாட ஆரம்பித்தாள். முன்பெல்லாம் பாடமாட்டாள். என் தட்டில் சோறு கூடியது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் ஊரில் ஆட்டுக்கும் இப்படித்தான் கூடும். ஒருநாள் என்னை நிலைப்படியோடு சேர்த்து நிறுத்தி, தலைக்கு நேரே கரிக்கட்டையால் கோடு போட்டாள். "எதுக்கு அத்தை?" என்றேன். "சும்மாதாம்லே" என்றாள். சும்மா என்று சொல்கிறவர்களை நம்பக்கூடாது என்பது அன்றைக்குக் கற்றது.

அப்புறம் அந்தச் சட்டை. அத்தை மத்தியானங்களில் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்தால் பாய்க்கு அடியில் தள்ளிவிடுவாள். அவள் தண்ணீருக்குப் போன சமயம் எடுத்துப் பார்த்தேன். கெட்டித்துணிச் சட்டை, காலர் வைத்தது, சிப்பிப் பொத்தான். போட்டுப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கையை நீட்டினால் விரலே வெளியே வரவில்லை.

சட்டை எனக்கில்லை! எனக்குப் பதிலாக வேறொரு பையன் வருகிறான். என்னைவிடப் பெரியவன். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற அளவுக்கு வளர்ந்தவன். அவனுக்குச் சிப்பிப் பொத்தான்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு நான் அந்தப் பெரிய பையனுக்கு முகம்கூட வரைந்து வைத்திருந்தேன். மேல் உதட்டில் பூனைமயிர், இடது கன்னத்தில் மச்சம்.

அவன் வருவதற்குள் அத்தையின் மனசை மாற்ற வேண்டும் என்று நல்ல பிள்ளையானேன். கேட்காமல் முற்றம் பெருக்கினேன். கோழிக்கூண்டைக் கழுவினேன். சங்கீதம் மனப்பாடம் செய்து, கேட்காமலே ஒப்பித்தேன். அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். அன்று காலையே மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினாள். நல்ல பிள்ளையாக இருப்பதில் எனக்கு இருந்த ருசி அந்த எண்ணெயோடு இறங்கிப்போனது. பிறகு திரும்பவே இல்லை. சபையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

கடைசியில் ஓடிப்போவது என்று தீர்மானித்தேன். வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். காவடியும் பாட்டுமாக ஒரு கூட்டம் போனது. நான் அதன் வாலில் ஒட்டிக்கொண்டேன். உபதேசியார் கண்ணில் பட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன்: கடல் பார்க்கப் போகிறேன், ஆண்டவர் உண்டாக்கின கடல்தானே.

காவடி தூக்கின ஒருவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெயிலில் செம்மண் சுட்டது. அவர் காலில் செருப்பில்லை. ஆனாலும் முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கு உடனே சந்தேகம்.

"உங்களுக்கு என்ன கெடச்சுது?" என்றேன்.

"காலு" என்றார். "போன வருஷம் இந்தக் காலு எந்திரிக்கவே இல்ல தம்பி. இப்பப் பாரு, ஒன்னைய விடப் பைய நடக்கணும்னு பாக்கேன், முடியல."

அவருக்கும் காரணம் இருந்தது. பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய, தொட்டுப் பார்க்கக்கூடிய காரணம். அத்தையைப்போல் ஒளிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

வழியில் ஒரு கல்மண்டபத்தில் கஞ்சி ஊற்றினார்கள். நானும் வரிசையில் உட்கார்ந்து பனையோலைத் தொன்னையை நீட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை என் காதைப் பிடித்தது. பச்சை ஓலை வாசம். அத்தை அவ்வளவு தூரம் ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். குட்டுவாள் என்று தலையைக் குனிந்தேன். குட்டவில்லை. என் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள், மூச்சு வாங்கினாள், சிரித்தாள், அழுதாள். பிறகு என் தொன்னையை வாங்கிக் கஞ்சியை ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.

"அத்தை, அது என் கஞ்சி."

"வீட்டுக்கு வா, பானையோட ஊத்துதேன்" என்றாள்.

அந்த ஞாயிறு உபதேசியார் சொன்னார்: "அதே காரணத்திற்காக, ஒரு கட்டு முருங்கைக்காய்!" நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் ஓடியது அவளுக்குச் சந்தோஷம், திரும்பி வந்தது ஏமாற்றம், இருந்தாலும் பரவாயில்லை, கப்பல் வரத்தானே போகிறது. இப்படி ஒரு கணக்கு போட்டேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் எனக்கு எதிராகவே வரும் கணக்கு.

கார் நடவுக்குக் கால்வாயில் தண்ணீர் வந்தது. அப்பா வரவில்லை. ஊரின் பொறுமை போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை கொட்டானோடு முன்னால் போனதும் கருப்பட்டி அண்ணாச்சி எழுந்து நின்றார். ஆராதனை நடுவில் அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

"உபதேசியாரே, அடுத்த வாரம் பாதிரி ஐயரவர்கள் திருவிருந்து கொடுக்க வருதாவ. இது என்ன காணிக்கைன்னு அவிய கேட்டா நீரு என்ன சொல்லுவீரு?"

உபதேசியார் வேதாகமத்தைத் திறந்தார், மூடினார். "அதத்தான் அண்ணாச்சி நானும் யோசிக்கேன்."

"தங்கச்சி," அண்ணாச்சி அத்தையிடம் திரும்பினார். குரலைத் தணித்துத்தான் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "தப்பா நெனைக்காத. ஒத்தையில இருக்குத பொம்பளப் பிள்ள நீ. சபைக்குச் சொல்ல முடியாத சந்தோஷம் நல்லதுக்கில்ல. என்ன காரணம்னு சொல்லிரு. இல்லைன்னா ஐயரவர்கள் வாரப்ப நீ திருவிருந்துக்கு முன்னால வராத."

அத்தை கொட்டானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உமி லேசாகச் சிந்தியது.

என் தலைக்குள் ஏதோ வெடித்தது. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. பயம் முற்றிப்போய் வாய் வழியாக வந்தது. பாயிலிருந்து துள்ளி எழுந்து கத்தினேன்:

"நான் சொல்லுதேன்! என்னையக் கொழும்புக்கு அனுப்பப் போறாவ! சனியன் ஒழிஞ்சுதுன்னுதான் முட்டை வைக்காவ! எனக்குப் பதிலா பெரிய பையன் வாரான்! சட்டைகூடத் தச்சாச்சு!"

மணியடிக்கிறவர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாங்கிய எந்த அடியும் அந்தப் பார்வை அளவுக்கு வலித்ததில்லை.

அவள் கொட்டானை மேசைமேல் வைத்தாள். "இது இங்கன இருக்கட்டும் உபதேசியாரே. காரணத்த முதல்ல இவன்ட்ட சொல்லிட்டு வாரேன்."

கோயிலுக்குப் பின்னால் ஒரு உடைமுள் மரம். அதன் ஓட்டை நிழலில் என்னை நிறுத்தினாள். சபை முழுவதும் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பையப் பேசினாள்.

"ஏலே, நீ இன்னும் போகலைங்கிறதுக்குலே."

எனக்குப் புரியவில்லை.

"ஒங்கப்பா வருதான்னு அண்ணாச்சி சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. இன்னைக்கு வந்துருவானோ, நாளைக்கு வந்துருவானோன்னு வாசலையே பாத்துட்டு இருந்தேன். நீ எதுக்க இருக்க, ஆனா எனக்கு நீ போயிட்ட மாதிரியே இருந்துச்சு. அப்படியே ஒரு வாரம் வீணாப் போச்சு. பெறகு யோசிச்சேன். இன்னைக்கு வரலையே. இன்னைக்குப் பய இங்கனதான் இருக்கான், பதநீரக் கொட்டிட்டு நிக்கான். இதுக்கு ஆண்டவருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டா, இந்த நாள் எனக்குக் கெடச்ச நாளாயிரும்லா? சொன்னேன். சோறு எறங்கிச்சு. மறுநாளும் சொன்னேன். பாட்டு வந்துச்சு."

"அப்ப ஏன் உபதேசியார்ட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? எங்க அண்ணன் கடல் தாண்டி வரலை, அதுக்கு ரெண்டு முட்டைன்னா? பெத்த பிள்ளையப் பாக்க அவன் தவிக்கான். அவன் வராததுக்கு நான் ஸ்தோத்திரம்னு கோயில்ல வச்சுக் கூவச் சொல்லவா? நான் மனுஷியா?"

"சட்டை?"

"ஒனக்குத்தாம்லே மூதி! அங்கன யாரு தச்சித் தருவா? வளருத பிள்ள. வளந்த பெறகு போடத்தான் நீட்டமாத் தச்சேன். அந்த அளவ நான் பாக்கப் போறதில்ல. குத்துமதிப்பா வச்சேன்."

பூனைமயிர் மீசையும் மச்சமும் வைத்த அந்தப் பெரிய பையன் அந்த நிமிஷம் செத்துப்போனான். எனக்கு அவன்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

நாங்கள் உள்ளே போனோம். அத்தை உபதேசியார் காதில் நீளமாகச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். அண்ணாச்சியைப் பார்த்து, "காரணம் கேட்டேன் அண்ணாச்சி. நல்ல காரணம். ஐயரவர்கள்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். பிறகு சபையைப் பார்த்து, "அடுத்தது" என்றார். அவ்வளவுதான். ஊர் இன்னும் மோசமாகச் சந்தேகப்பட்டது.

அண்ணாச்சியைக் கெட்டவர் என்று அன்று முடிவு கட்டினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எல்லாவற்றையும் எடைபோட்டு விற்ற கை. எடைபோட முடியாத ஒன்று தராசில் வந்து உட்கார்ந்தால் தட்டிப் பார்க்கத்தானே செய்யும்.

ஆவணியில் அப்பா வந்தார். தகரப்பெட்டி, கறுவாப்பட்டை வாசம், பளபளவென்று ஒரு குடை. என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு அவர் மோசமான ஆளாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். இல்லை, நல்ல மனுஷர். "நம்ம கடைலே. சின்னதுலேயே நின்னு பழகினாத்தான் உண்டு" என்றார். அத்தை, "சரி அண்ணே" என்றாள். ஞாயிறு கழித்துத் தூத்துக்குடியில் கப்பல்.

அந்த ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. "அண்ணன் வந்தாச்சுல்லா வே, இனி எத மறைக்க முடியும்? இன்னைக்கு வரட்டும், பாப்போம்" என்று அண்ணாச்சி மணியடிக்கிறவரிடம் சொன்னது எனக்கே கேட்டது.

அவர்களைவிட நான்தான் அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் காரணம் செத்துப்போயிற்று. அப்பா வந்துவிட்டார், நான் போகிறேன். இனி எதை வைத்து ஸ்தோத்திரம் சொல்லுவாள்? சொன்னால், என்னை மனசாலும் விட்டுவிட்டாள் என்று அர்த்தம். சொல்லாவிட்டால், நான் போன பிறகு அவளுக்குச் சோறு இறங்காது. எது நடக்க வேண்டுமென்று ஜெபிப்பது என்றே தெரியவில்லை. புதுச்சட்டையின் கைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காணிக்கை நேரம் வந்தது. ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். அத்தை எழுந்திருக்கவில்லை. உபதேசியார் ஜெபிக்கக் கையைத் தூக்கப்போனார்.

அப்போது அத்தை எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது கக்கத்தில் கிராப்புக்கோழி. காணிக்கைக்கு முட்டை கொடுத்த அதே கோழி, மொட்டைக் கழுத்தை நீட்டிச் சபையை ஒரு சுற்றுப் பார்த்தது.

உபதேசியார் குனிந்து காதைக் கொடுத்தார். அவரே எடுத்தும் கொடுத்தார்: "அண்ணன் சுகமா வந்ததுக்குத்தானே தாயி?"

அத்தை முதல்தடவையாக முணுமுணுக்கவில்லை.

"அண்ணன் வந்ததுக்கு அண்ணனே வைப்பான். இவன் போறதுக்கு எங்கிட்ட ஸ்தோத்திரம் இல்ல உபதேசியாரே, கோயில்ல நின்னு பொய் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இருந்தான்லா. அதுக்கு."

அவ்வளவு கெட்டிக்காரரான உபதேசியாருக்கு அதை எந்த வேதாகமத் தமிழில் மாற்றுவது என்று தெரியவில்லை. கடைசியில், ஓடு அதிராமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"அண்ணன் மகன் இருந்ததற்காக, ஒரு பெட்டைக்கோழி."

அப்பா குடையைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். அத்தை திரும்பி நடந்து வந்தாள். அழுதுகொண்டிருந்தாள். கூடவே அந்தச் சிரிப்பும் இருந்தது. நான் பருவம் முழுக்கச் சந்தேகப்பட்ட அதே சிரிப்பு.

பூவரச மரத்தடியில் அந்தக் கோழியை ஏலம் கேட்க ஆளில்லை. மணியடிக்கிறவர் தொண்டை கிழியக் கூவினார். கடைசியில் கருப்பட்டி அண்ணாச்சி வந்து, பெரிதாக ஒரு விலை சொல்லி வாங்கினார். கோழியின் கழுத்தைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு மணியடிக்கிறவரிடமே கொடுத்தார்.

"அந்தப் பிள்ள வீட்டுலயே கொண்டுபோய் விட்டுரும் வே. இருந்த இடத்துல இருக்கட்டும்."

சட்டை எனக்குச் சரியாகப் பொருந்தியபோது நான் கொழும்பில் இருந்தேன். குத்துமதிப்பாக வைத்த அளவு ஒரு விரல்கடைகூடப் பிசகவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, பூவரச மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, அழுதுகொண்டே சட்டைக் கை இரண்டையும் மாறிமாறி மூக்கில் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: அத்தை அந்தச் சட்டைக்கு அவ்வளவு நீளமாகக் கை வைத்தபோது, என் மூக்கையும் கணக்கில் சேர்த்திருக்கிறாள்.